வழிப்பாட்டில் இல்லாத இடம்

என் தோழியின் அம்மா எட்டுப் பிள்ளைகள் பெற்றவர் என்பது அவர் இறந்த மூன்றாம் நாள்தான் அவருடைய பிள்ளைகளுக்கே தெரியவந்தது. அதுவரை ஏழு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூத்த அண்ணனுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவருக்கும் தெரியாது.

தோழி ஹ்மாங் இனத்தவள். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மக்கள் அவர்கள். அவள் சொல்லும்போது என் காதில் ‘மோங்’ என்றுதான் விழும். தமிழில் ஹ்மாங் என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருவரும் ஒரே அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறோம். மதியம் அவள் டப்பாவிலிருந்து ஊதா நிற ஒட்டரிசிச் சோறு என் தட்டுக்கு வரும், என் எலுமிச்சைச் சாதம் அவள் தட்டுக்குப் போகும். அவள் அம்மா உழவர் சந்தையில் காய்கறி விற்றவர். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் எனக்கென்று ஒரு பை நிறையப் பாகற்காயும் பச்சை மிளகாயும் கொடுத்தனுப்புவார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு ஹ்மாங் மொழி வராது. பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில் அவர் காலமானார்.

ஹ்மாங் சாவுச் சடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். செயின்ட் பாலில் அது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை வரை இரவு பகலாக நடக்கும். முரசும், ‘கெங்’ என்ற நீண்ட மூங்கில் குழல் வாத்தியமும் ஓயாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் உடலருகே உட்கார்ந்து ‘குவா கே’ பாடுவார். வழி காட்டும் பாட்டு என்று பொருள். இறந்தவரின் உயிர், தான் வாழ்ந்த ஒவ்வொரு ஊராகப் பின்னோக்கி நடந்து, பிறந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே பிறந்த வீட்டு மண்ணில் புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்து உடுத்திக்கொண்டுதான் மூதாதையரிடம் போக முடியும். அவர்கள் மொழியில் நஞ்சுக்கொடிக்கும் சட்டைக்கும் ஒரே சொல். ஆண் குழந்தையுடையது வீட்டின் நடுத்தூண் அருகில், பெண் குழந்தையுடையது பெற்றோரின் கட்டிலுக்கு அடியில். போகும் வழியில் ஒவ்வொரு ஊரிலும் நின்று, அந்த மண்ணின் காவல் தெய்வத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். இங்கே தண்ணீர் குடித்தேன், இங்கே விறகு எரித்தேன், இதோ அதற்கு உண்டான காசு என்று காகிதக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர வேண்டும்.

ஆகவே பாடுபவருக்கு ஊர்ப் பட்டியல் தேவை. அதற்காகத்தான் அன்று அண்ணன் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாடகர் ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்து வைத்து எழுதினார். செயின்ட் பாலில் மூன்று வீடு. அதற்கு முன் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு முன் தாய்லாந்தில் பனாட் நிகோம் முகாமில் சில மாதங்கள். அதற்கு முன் பான் வினாய் முகாமில் ஒன்பது வருடங்கள். அதற்கு முன் மேக்கொங் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவோஸ். மலையூர்கள் நான்கைந்து. கடைசியில் சியெங் குவாங்கில் அவர் பிறந்த கிராமம்.

நோட்டை மூடப் போகும்போது சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, மூலையில் உட்கார்ந்தபடியே ஏதோ சொன்னார். அறை அமைதியாகிவிட்டது. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். தோழியின் முகத்தைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. என்ன என்பதை அன்று இரவு காரில் வைத்துத்தான் சொன்னாள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் காட்டுக்குள் ஓர் ஓடைக் கரையில் இரண்டு இரவு ஒளிந்திருந்தோம், அந்த இடத்தையும் சேர்த்துப் பாடுங்கள் என்றாராம் சித்தி. எதற்கு என்று கேட்டதற்கு, அங்கே அக்காவின் மகள் இருக்கிறாள் என்று பதில். 1979. ஐந்து மாதக் குழந்தை. இருமல். அருகிலேயே ராணுவ ரோந்து. கூட்டத்தில் நாற்பது பேர். குழந்தையின் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கொஞ்சம் அபின் கரைத்துக் கொடுத்தார்கள். விடிந்தபோது குழந்தை எழவில்லை.

இந்த வரிகளை எழுதவே எனக்குத் தயக்கமாக இருந்தது. தோழியிடம் கேட்டேன். எழுது என்றாள். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள். சரி, பெயர் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்று சமையலறையில் முடிவு சொல்ல வேண்டியவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணனை அவர்கள் மொழியில் அழைக்கும் சொல்லுக்கும் நேர்ப் பொருள் பெரிய அப்பா என்பதுதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் நானும் தோழியும் வெகுநேரம் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோபமே வராத மனிதர், எண்பது வயதுக்காரர். அடுப்பு மூட்டிக் குடியிருந்த ஊரைத்தான் வழிப்பாட்டில் சொல்வது, இரண்டு இரவு படுத்திருந்த இடத்தைச் சொல்லும் வழக்கம் இல்லை என்றார். வழியில் இல்லாத இடத்தில் உயிரை நிறுத்தினால் அது அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று உண்மையாகவே பயந்தார். குழந்தையின் உயிர் இந்நேரம் வேறெங்கோ பிறந்து வாழ்ந்துகொண்டிருக்கும், அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நல்லதில்லை என்றும் சொன்னார்.

பட்டியலில் அந்த இடம் சேரவில்லை.

தோழியை உடைத்தது இதுகூட இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஒரு மருத்துவமனைக்குக் கூடப் போயிருக்கிறாள். குடியேறிகளின் வீடுகளில் இது பிள்ளைகள் தலையில் விழும் வேலை. இதுவரை எத்தனை பிரசவம் என்று செவிலியர் கேட்டிருக்கிறார். அம்மா எட்டு என்றாராம். அம்மா எண்ணிக்கையில் தடுமாறுகிறார் என்று நினைத்து, இவளே ஏழு என்று ஆங்கிலத்தில் திருத்திச் சொல்லிவிட்டாள். செவிலியர் ஏழு என்று எழுதினார். ஏழு என்ற ஆங்கிலச் சொல் அம்மாவுக்குத் தெரியும், சந்தையில் காய் விற்றவர். ஒன்றும் பேசாமல் மகளைப் பார்த்தாராம்.

“அவளை அழித்தது நான்தான்” என்றாள் தோழி, காரில். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

அந்த ஒரு குழந்தையைப் பற்றி யோசிக்கத் தொடங்கித்தான் இந்த இரண்டு வருடமாக நானும் ஹ்மாங் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியட்நாம் போரின்போது லாவோஸ் நடுநிலை நாடு. வெளிநாட்டுப் படைகள் அங்கே இருக்கக்கூடாது என்று 1962 ஜெனீவா உடன்படிக்கை சொன்னது. எனவே அமெரிக்கா தன் படையை வெளிப்படையாக அனுப்பாமல், சிஐஏ மூலம் மலைவாழ் ஹ்மாங் மக்களைத் திரட்டி ஒரு ரகசியப் படையை நடத்தியது. தளபதி வாங் பாவ். தலைமையிடம் லோங் டியெங் பள்ளத்தாக்கு. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா கொட்டிய குண்டுகள் இருபது லட்சம் டன்னுக்கும் மேல். கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியபோது, 1975 மே 14 அன்று, வாங் பாவ் விமானத்தில் தாய்லாந்துக்குக் கிளம்பிப் போனார். அவரோடும் அதற்கு முந்தைய சில நாட்களிலும் ஏறிப் போக முடிந்தவர்கள் சில ஆயிரம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள்.

வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காட்டு வழியாக நடந்து மேக்கொங் கரைக்கு வந்தார்கள். மூங்கில் கழிகளைக் கக்கத்தில் கட்டிக்கொண்டும், வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டியும், டயர் டியூபைப் பிடித்துக்கொண்டும் இரவில் ஆற்றைக் கடந்தார்கள். முகாம்களில் பெண்கள் தைத்த கதைத்துணிகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். ‘பாண்டாவ்’ என்று அவர்கள் சொல்லும் பூவேலைத் துணிக் கலை முன்பு முழுக்க முழுக்கக் கோலம் போன்ற வடிவங்களால் ஆனது. எழுபதுகளில், முகாமில்தான் அதில் மனிதர்கள் வந்தார்கள். நீல நூலில் ஆறு, அதில் தலைகள், கரையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள், அம்மாக்களின் முதுகில் கட்டிய குழந்தைகள். எங்கள் ஊர் ஹ்மாங் சந்தையில் இன்றும் அப்படிப்பட்ட துணிகளை வாங்கலாம். நான் பார்த்த துணிகளில் குழந்தைகள் எல்லோரும் முதுகில்தான் இருக்கிறார்கள். மண்ணில் யாரையும் வைத்துத் தைத்ததை நான் பார்க்கவில்லை.

ஆற்றைக் கடந்த பிறகும் சாவு நிற்கவில்லை. தாய்லாந்தின் லோய் மாநிலத்தில் இருந்த பான் வினாய் 1975 முதல் 1992 வரை இயங்கிய முகாம். ஒரு கட்டத்தில் நாற்பதாயிரம் பேருக்கும் மேல் அங்கே இருந்தார்கள். பேரைச் சொன்னால் முகாம், அளவைப் பார்த்தால் நகரம். அந்த நெரிசலில் பலவீனமாக வந்து சேர்ந்த குழந்தைகள் தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் போனார்கள். முகாமை ஒட்டிய மேடுகளில் புதைத்தார்கள். பிறகு முகாமை மூடினார்கள். ஆட்கள் அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் பிரிந்து போனார்கள், சிலர் லாவோஸுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். மேடுகள் அங்கேயே இருக்கின்றன.

கல்லறையில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டால் அகதி வாழ்க்கைதான் காரணம் என்று முதலில் தோன்றும். முழுக் காரணம் அதுவல்ல. ஹ்மாங் மலையூர்களில் பெரியவர்களின் சமாதியிலும் எழுத்து கிடையாது. மலைச்சரிவில் நல்ல இடம் பார்த்துப் புதைத்து, மேலே கல் அடுக்கி, மிருகம் தோண்டாமலிருக்க வேலி கட்டுவார்கள். இன்று அவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரோமன் எழுத்து முறையே 1950-களின் தொடக்கத்தில்தான் வந்தது. யாருடைய சமாதி எது என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும், அது போதுமாக இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பிறந்த மூன்றாம் நாள் ‘ஹு ப்லி’ என்ற உயிர் அழைக்கும் சடங்கு செய்து, பெயர் வைத்த பிறகுதான் குழந்தை வீட்டு மனிதராகும். அதற்கு முன் இறந்தால் சாவுச் சடங்கே கிடையாது. மூன்று நாளைத் தாண்டிய சிறு குழந்தைக்கும் பெரியவர்களுக்குச் செய்வது போல முரசும் நான்கு நாள் கூட்டமும் இருக்காது.

இதைக் கேட்டு முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை போனால் எரிக்க மாட்டார்கள், கருமாதி கிடையாது, வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் என் பாட்டியிடம் யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்: “பெத்தது ஒம்பது, தங்குனது ஆறு.” ரேஷன் கார்டு எழுத வந்தவரிடமும் அப்படித்தான் சொன்னாராம். தங்காத மூன்று பேருக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இடம் இருந்தது. தோழியின் அம்மாவும் மருத்துவமனையில் செய்ய முயன்றது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சடங்கு வேண்டாம் என்று முன்னோர்கள் வைத்ததில் ஒரு கருணை இருந்திருக்கலாம். பிறந்த குழந்தைகளில் பல தங்காத காலம் அது. ஒவ்வொரு முறையும் மாடு வெட்டி நான்கு நாள் சடங்கு செய்தால் குடும்பம் எழுந்திருக்க முடியாது. ஆனால் அந்த வழக்கம் ஒன்றை நம்பி இருந்தது: குழந்தையைப் புதைத்த சரிவு கண் முன்னால் இருக்கும், அம்மா தினமும் அந்த வழியாகத்தான் வயலுக்குப் போவாள், கல் எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும். அந்த மலை இல்லாமல் போன பிறகு சடங்கும் இல்லை, கல்லும் இல்லை, வழியும் இல்லை. அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அந்த அம்மாக்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் வாரா வாரம் ஒருவருக்கு வழிப்பாட்டு ஒலிக்கிறது.

நினைவுச் சின்னங்கள் இல்லாமல் இல்லை. 1997 மே மாதம் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தேவதாரு மரத்தடியில் ரகசியப் படைக்கு ஒரு சிறிய பட்டயம் வைத்தார்கள். 2005-இல் ஃப்ரெஸ்னோ நீதிமன்ற வளாகத்தில், விழுந்த அமெரிக்க விமானியைத் தாங்கிப் பிடிக்கும் ஹ்மாங் வீரர்களின் சிலை. 2016-இல் எங்கள் மினசோட்டா சட்டமன்ற வளாகத்தில் மூங்கில் குருத்து வடிவில் ஒரு வெண்கலச் சின்னம். மதிய இடைவேளையில் நானும் தோழியும் நடந்தே போய்ப் பார்த்திருக்கிறோம். 2018-இல் ரகசியப் படையின் வீரர்களைத் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்ய அனுமதித்து அமெரிக்காவில் சட்டமே வந்தது. வாங் பாவ் 2011-இல் இறந்தபோது ஃப்ரெஸ்னோவில் ஆறு நாள் சடங்கு நடந்தது. இவை எல்லாம் வேண்டியவைதான். அமெரிக்கா மறைத்து வைத்த ஒரு போரை வெளியே கொண்டுவர இந்தச் சமூகம் எத்தனை வருடம் போராடியது என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீரர்களிலும் எத்தனை பேர் பிள்ளைகள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. எட்கர் புவெல் என்ற அமெரிக்க நிவாரணப் பணியாளர் 1968-இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேர்த்த 300 பேரில் 30 சதவீதம் பேருக்கு வயது 14 அல்லது அதற்கும் கீழே. பத்துப் பேருக்குப் பத்தே வயது. இன்னொரு 30 சதவீதம் பேர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். மீதிப் பேர் எல்லோரும் 45 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இடைப்பட்ட வயதுக்காரர்கள் எங்கே என்றால், செத்துப்போய்விட்டார்கள் என்றார் அவர். பத்து வயதில் துப்பாக்கியைத் தூக்கி, திரும்பி வராத பையனுக்கு வெண்கலத்தில் வீரன் என்ற இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளை என்ற இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஓடைக்கரைக் குழந்தைகளுக்கு இரண்டுமே இல்லை.

இந்தச் சமூகத்துக்குக் கல்லறை முக்கியமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பான் வினாய் மூடப்பட்டபோது பலர் தாய்லாந்தின் சரபுரி மாநிலத்தில் வாட் தம் கிராபோக் என்ற புத்த மடத்தின் நிலத்தில் போய்த் தங்கினார்கள். 2004 முதல் அங்கிருந்து சுமார் 15,000 பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் எங்கள் ஊருக்கு. அவர்கள் கிளம்பி வந்த பிறகு, 2005 கடைசியில், அங்கே அவர்கள் விட்டு வந்த கல்லறைகள் தோண்டப்பட்டன. 900-க்கும் மேற்பட்ட உடல்கள். ஹ்மாங் நம்பிக்கையில் புதைத்த உடலைக் கலைத்தால் அது உயிரோடிருக்கும் வாரிசுகளையும் தாக்கும். செயின்ட் பாலிலும் ஃப்ரெஸ்னோவிலும் மக்கள் கொதித்துப் போனார்கள். படங்களைப் பார்த்துப் பார்த்து எது யாருடைய பெட்டி என்று அடையாளம் கண்டார்கள். அமெரிக்க அரசியல்வாதிகள் வரை, ஐ.நா. வரை முறையீடு போனது. கடல் கடந்து, வேறொரு நாட்டு மண்ணில் கிடக்கும் எலும்புக்காக இத்தனை தூரம் போகத் தெரிந்த சமூகம் இது.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றையும் தோழி அடிக்கடி சொல்வாள். 1998 செப்டம்பரில் செயின்ட் பாலின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் ஆறு குழந்தைகள் தங்கள் தாயின் கையாலேயே இறந்தார்கள். ஐந்து வயது முதல் பதினொரு வயது வரை. அப்போது அவள் பள்ளி மாணவி. அந்தத் தாயைப் பற்றி, அவளுடைய இள வயதுத் திருமணத்தைப் பற்றி, ஹ்மாங் குடும்பங்களைப் பற்றி ஊரே பேசியது. வெளியார் பேச்சு கூடக் கூட வீட்டுக்குள் வாய்கள் மூடிக்கொண்டன. வெட்கம். “அந்த ஆறு பேரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை” என்றாள். சாவு எப்படி வந்தது என்ற கேள்வி பெரிதாகிவிட்டால் செத்தது யார் என்பது அதற்கு அடியில் போய்விடுகிறது. ஓடைக்கரையிலும் அதேதான் நடந்திருக்கிறது. அபின் கொடுத்தது யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பயத்தில் ஒரு பெயர் நாற்பத்தைந்து வருடம் வெளியே வரவில்லை.

நான் வெளியாள். அவர்கள் சடங்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனாலும் இதை நம்பி எழுதுகிறேன்: பெயரைச் சொல்லும் பொறுப்பை அந்த அம்மாக்கள் தலையில் தனித்தனியாக வைக்க முடியாது. என் குழந்தைக்கு நான்தான் அதைக் கொடுத்தேன் என்று ஒரு பெண் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லச் சொல்வதும் கொடுமை. ஹ்மாங் வழக்கத்தில் எந்தச் சாவையும் ஒரு குடும்பம் தனியாகச் சுமப்பதில்லை. முரசு அடிக்க ஒருவர், சோறு சமைக்க ஒருவர், பெட்டி பார்க்க ஒருவர், செலவுக் கணக்கு எழுத ஒருவர் என்று குலம் முழுவதும் இறங்கி வேலை செய்கிறது. பதினெட்டுக் குலங்கள் என்று கணக்கு. யார் இறந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். குழந்தைகளின் பெயரையும் இதே ஏற்பாடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குலமும் சேர்ந்து எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொன்னால், எந்த ஒரு தாயையும் யாரும் தனியாகத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

இதைத் தோழிக்கு நான் சொல்லித் தரவில்லை. அவள்தான் எனக்குச் சொன்னாள், சடங்கு முடிந்த ஒரு மாதத்தில். சொன்னதோடு ஒரு நோட்டும் வாங்கினாள். பாடகர் வைத்திருந்தது போலவே பள்ளிக்கூட நோட்டு. நான்கு பத்தி கோடு போட்டாள். பெயர், அப்பாவின் குலம், அம்மாவின் குலம், இடம். எப்படி இறந்தது என்பதற்குப் பத்தி கிடையாது. யாராவது சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வாள், எழுத மாட்டாள். மூன்றாம் நாளுக்கு முன் போன குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. அந்த இடத்தில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதுகிறாள்.

முதல் பக்கத்தில் முதல் வரி அவள் அக்காவுடையது. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் சித்தியுடையவை. சித்திக்கும் இரண்டு பேர் என்பது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. இருவரும் பான் வினாயில். அப்புறம் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். சில சமயம் நான் காரோட்டிக்கொண்டு போவேன். எல்லா வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ஓரிடத்தில் மகன் வாசலிலேயே நிறுத்தி, அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, பழையதைக் கிளறாதீர்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, திரும்பி வந்துவிட்டோம். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி பெயரைச் சொல்லிவிட்டு, எழுதிய பக்கத்தைக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று தொட்டுக் காட்டினோம். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நாங்கள் கிளம்பும் வரை எடுக்கவில்லை.

கிறிஸ்தவரான ஹ்மாங் குடும்பங்களில் வேலை கொஞ்சம் எளிது. அவர்களுக்குக் கல்லில் பெயர் எழுதிப் பழக்கம் இருக்கிறது, இறந்தவர் பெயரைச் சொல்வதில் பயமும் குறைவு. பழைய வழியில் இருப்பவர்களிடம் பெரியப்பா சொன்ன அதே பதில்தான் கிடைக்கும்: வேறு பிறவி எடுத்தவரைக் கூப்பிடாதே. தோழி அவர்களோடு வாதாடுவதில்லை. “நான் கூப்பிடவில்லை, எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்” என்பாள். சிலருக்கு அது போதுமாக இருந்தது.

அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்கும் நேரம் வந்தது. உடல் இல்லாத குழந்தைக்குத் தனியாக ஒரு கல் நடுவதைப் பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே யாரும் இல்லாதபோது கல் எதற்கு, வேறு ஏதாவது வந்து குடியேறிவிடும் என்றார். அண்ணனும் அவர் பக்கம். தோழி விட்டுக்கொடுத்தாள். அம்மா கல்லின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களைப் பொறிப்பது இங்கே சாதாரணமாக எல்லோரும் செய்வதுதான், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. கல் வெட்டுபவருக்கு அனுப்பிய தாளில் எட்டுப் பெயர்கள் இருந்தன. பிறந்த வரிசையில், இரண்டாவதாக அவள். மண் இளகிய பிறகு மே மாதத்தில் கல் வந்தது. பெரியப்பா வந்திருந்தார். முன்பக்கம் பார்த்தார், சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டில் இப்போது ஐம்பத்தெட்டு வரிகள். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்கும் தெளிவாக இல்லை. குலங்களின் சபையில் பேச வேண்டும், சட்டமன்ற வளாகச் சின்னத்தின் பக்கத்தில் ஒரு பலகைக்காவது இடம் கேட்க வேண்டும் என்று அவளும் இன்னும் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலில் பெயர்கள் சேர வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக இடப் பெயர்களை மட்டும் படித்தாராம். முதல் வரியில் விரலை வைத்து, ஓடையின் பெயர் தப்பு என்றிருக்கிறார். நீ எழுதியிருப்பது அடுத்த பள்ளத்தில் ஓடுவது, நாங்கள் படுத்திருந்தது மேற்கே இருக்கும் சின்ன ஓடை, கரையில் ஒரு பெரிய அத்தி மரம் உண்டு, அதன் வேருக்குக் கிழக்கே என்று சொல்லிச் சரியான பெயரை எழுத்துக்கூட்டி எழுத வைத்தார். அந்த நாற்பது பேரில் அவரும் ஒருவர் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. அங்கே அவருக்கு யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த சனிக்கிழமை எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.